கயிறு பிடித்த வீட்டுக்காரர்

பவுனு தன் டாக்சிக்குத் தனியாளாய் இன்ஜின் மாற்றிக்கொண்டிருந்தாள். போர்ட்டிகோ கொக்கியில் மாட்டிய கப்பியில் இன்ஜின் தொங்க, கயிறு அவள் கையில் நழுவியது. வருகிறேன் என்ற தம்பியைக் காணோம்.

வந்தது வீட்டுக்காரர் தணிகாசலம். "இந்த நிமிஷமே வண்டி வெளியே போகணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணு."

பவுனு கயிற்றை அவரிடம் நீட்டினாள். "எடுத்துடறேன் சார். இதைக் கொஞ்சம் பிடிங்க."

"இவ்வளவுதானே" என்று பிடித்தார். இன்ஜின் சட்டென்று இறங்கியது. விழுந்தால் அவர் ஆசையாய்ப் போட்ட டைல்ஸ் நொறுங்கும். கண் பிதுங்க இழுத்துப் பிடித்தார்.

"ஏய், எங்கே குனியறே? வண்டியை எடுன்னேன்."

"இன்ஜின் இல்லாம எப்படி சார் எடுக்கறது? மெதுவா இறக்குங்க."

அங்குலம் அங்குலமாய் இறக்கினார். பவுனு போல்ட்டுகளை முடுக்கி, மிச்சத்தையும் மாட்டி, இன்ஜினைக் கிளப்பிப் பார்த்தாள்.

"இப்பவாவது விடலாமா?" என்றார் தணிகாசலம், வியர்த்து வழிய.

"போல்ட் போட்டதுமே விட்டிருக்கலாம் சார். நீங்க ஆசையா பிடிச்சிட்டிருந்தீங்க, நான் ஏன் தடுப்பானேன்? கயித்தை அவிழ்த்துவிடுங்க, நீங்க சொன்னபடி வண்டியை எடுத்துடறேன்."