இலுப்பைப்பூ வற்றலும் வாய் பேசாப் போட்டியும்

"அம்மா, டோனி என் காத்தையெல்லாம் மூச்சு விட்டே தீர்க்கிறான்."

ஸ்டெல்லா காலையிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஓர் எழுத்து கூடவில்லை, ஓர் எழுத்து குறையவில்லை. பாடத்தை மட்டும் இப்படி ஒப்பித்திருந்தால் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பாள்.

"அது என் காத்து. அவ வாலு என் இடத்துல கிடக்கு. வாலு கிடக்கிற இடத்துக் காத்து எனக்குத்தான்" என்றான் டோனி.

"எனக்குப் போரடிக்குது" என்றான் கடைசிப் பையன் புளியன். அவனுக்கு இந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லை. சும்மா இருப்பானேன் என்று சொல்லி வைத்தான்.

"அம்மா, டோனி என் காத்தையெல்லாம் மூச்சு விட்டே தீர்க்கிறான்."

பிலோமி அணில் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

காட்டுக் குளத்தங்கரையில் ஓர் இலுப்பை மரம். அதன் பொந்தில்தான் அவர்கள் குடித்தனம். அது நல்ல கோடை. குளத்தில் தண்ணீர் வற்றி, தவளைகள்கூட வீட்டைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தன. மரங்கொத்தி வாத்தியார், வெயிலில் பிள்ளைகள் வாடிவிடுவார்கள் என்று பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு மலைப்பக்கம் பறந்துவிட்டார். என்ன கருணை பாருங்கள். பெற்றவளுக்கு யார் விடுமுறை விடுவது என்று அவரை யாரும் கேட்கவில்லை.

பிலோமி இந்தக் காட்டில் பிறந்தவள் இல்லை. டவுனில், ஒரு கான்வென்ட் பள்ளிக்கூடத்துத் தூங்குமூஞ்சி மரத்தில் பிறந்து வளர்ந்தவள். மரத்தடியில்தான் ஒன்றாம் வகுப்பு நடக்கும். சிஸ்டர் ஒரே ஒரு விரலை எடுத்து உதட்டில் வைப்பார். மொத்த வகுப்பும் அப்படியே அடங்கிவிடும். அந்தக் காட்சியை அவள் மறக்கவே இல்லை. காட்டுக்கு வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து, "இங்க யாருக்கும் டிசிப்ளினே கிடையாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மூத்தது இரண்டுக்கும் ஸ்டெல்லா, டோனி என்று அவளே பேர் வைத்தாள். மூன்றாவதுக்கு மட்டும் அவள் அசந்திருந்த நேரம் பார்த்து, புருஷன்காரன் தன் தாத்தா பேரை வைத்துவிட்டான்.

அந்தப் புருஷன்காரன் பேர் கொம்பையா. அவன் இப்போது மேல்கிளையில், வயிற்றைக் கிளையோடு ஒட்டி, நான்கு காலையும் தொங்கப் போட்டுப் படுத்திருந்தான். காற்று வாங்குகிறானாம்.

"பிலோமி, பிள்ளைங்கள கொஞ்சம் சத்தம் போடாம இருக்கச் சொல்லேன். மனுஷன் கண்ணசர வேண்டாமா?"

அணில் தன்னை மனுஷன் என்று சொல்லிக்கொள்வது, தூக்கம் கெடும்போது மட்டும்தான்.

"நீங்க எப்பங்க முழிச்சீங்க, இப்போ கண்ணசர?" என்றாள் பிலோமி.

உண்மையில் கண்ணசர வேண்டியவள் அவள்தான். இலுப்பைப்பூ விடியுமுன்னே உதிரும். எறும்பு மொய்ப்பதற்குள் பொறுக்கியாக வேண்டும். கோடை தொடங்கியதிலிருந்து அவள் இருட்டோடு எழுந்து பூப் பொறுக்கி, மரத்தடியில் இருந்த தட்டைப்பாறையில் பரப்பி, வற்றல் போட்டுக்கொண்டிருந்தாள். வெயிலில் கிடந்து கிடந்து, பூவெல்லாம் சுருங்கி, தேன் மணக்கும் வற்றலாகிவிட்டது. மழைக்காலம் முழுக்க ஐந்து வயிற்றுக்கும் அதுதான். போன மழைக்கு இப்படி எதுவும் சேர்த்து வைக்கவில்லை. பிள்ளைகள் பசியில் மரப்பட்டையை நக்கிக்கொண்டே தூங்கிப்போனதை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். இந்த வருஷம் அது நடக்கக் கூடாது.

மரமும் பூவை நிறுத்திவிட்டது. பாறையில் கிடப்பதுதான் இருப்பு. இன்று ஒரு மத்தியானம் காய்ந்துவிட்டால், சாயங்காலம் பொந்துக்குள் அள்ளி வைத்துவிடலாம். அதுவரை பொந்து வாசலில் உட்கார்ந்து வற்றலைப் பார்த்துக்கொள்வது பிள்ளைகள் வேலை. அவர்கள் பார்த்துக்கொள்ளும் இலட்சணம்தான் மேலே சொன்னது.

"அம்மா, டோனி என் காத்தையெல்லாம்..."

"போதும்டி" என்றாள் பிலோமி. அப்போதுதான் அவளுக்கு சிஸ்டர் ஞாபகம் வந்தது. "எல்லாரும் இங்க வாங்க. நாம ஒரு போட்டி வைக்கப் போறோம்."

மூன்று வாலும் நிமிர்ந்தன.

"என்ன போட்டிம்மா?"

"வாய் பேசாப் போட்டி. ஒரு கையை இப்படி உதட்டுல வெச்சுக்கணும். உட்கார்ந்த இடத்தை விட்டு அசையக் கூடாது. பேசினா அவுட். அசைஞ்சா அவுட். கடைசி வரைக்கும் யார் இருக்காங்களோ அவங்களுக்கு நுங்கு."

நுங்கு என்றால் சாதாரண நுங்கு இல்லை. பனையேறி வெட்டிப் போட்டதில் ஒன்று தப்பி உருண்டு வந்ததை, பிலோமி வேர் இடுக்கில் ஈரமண்ணுக்குள் புதைத்து வைத்திருந்தாள். அதைப் பற்றி அந்த வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மேல்கிளையில் தொங்கிய நான்கு கால்களும் மெல்ல அசைந்தன.

"ஏன் பிலோமி, நானும் சேர்ந்துக்கட்டுமா?"

"நீங்க கண்டிப்பா சேரணும். இந்த வீட்டுல அதிகமா சத்தம் போடறதே நீங்கதான். படுத்துக்கிட்டே போடறதால உங்களுக்குத் தெரியல."

கொம்பையா இறங்கி வந்து பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்தான். அவன் இவ்வளவு வேகமாக இறங்கி அவள் பார்த்ததே இல்லை.

"எது வரைக்கும்மா?" என்றாள் ஸ்டெல்லா.

"நான் தூங்கி எழுந்து வந்து, 'முடிஞ்சுது'ன்னு சொல்ற வரைக்கும். மரமே சாஞ்சாலும் சரி, வாயைத் திறக்கக் கூடாது."

"அம்மா, ஒண்ணுக்கு வந்தா?" என்றான் புளியன்.

"அடக்கு."

"இடி இடிச்சா?"

"இந்த வெயில்ல இடிக்காது."

"யாராவது வந்து வத்தலை..."

"புளியா. வாய்."

புளியன் வாயில் கையை வைத்துக்கொண்டான். பிலோமி நால்வரையும் ஒருமுறை பார்த்தாள். உதட்டில் நான்கு கை. மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. சிஸ்டர் பார்த்திருந்தால் பெருமைப்பட்டிருப்பார். அவள் பொந்துக்குள் போய்ப் படுத்தாள். படுத்ததுதான் தெரியும்.

குளத்தின் அந்தக் கரையில் ஒரு காரைமுள் புதர். அதற்குள் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று குடியிருந்தது. ஒன்று பேச ஆரம்பித்தால் எல்லாம் பேசும். யாரும் யாரையும் கேட்பதில்லை. ஆனால் அன்று மத்தியானம் கூட்டத்தில் ஒருத்தி பேச்சை நிறுத்தித் தலையைச் சாய்த்தாள்.

"பெரியக்கா, அணில் வீட்டுல சத்தத்தைக் காணோமே."

"செத்துகித்துப் போயிட்டாங்களா?"

"லீவுக்கு ஊருக்குப் போயிருப்பாங்க. அந்தம்மாவுக்கு டவுன்ல பிறந்த வீடு இருக்கில்ல."

"வத்தலை அப்படியே பாறையில போட்டுட்டா போயிருக்காங்க? பாவம். வீணாப் போயிருமே" என்றாள் பெரியக்கா. அவளுக்கு எதுவும் வீணாகப் போவது பிடிக்காது. கூட்டம் முழுக்கக் கிளம்பிவிட்டது.

பாறையில் இறங்கிய பிறகுதான் பொந்து வாசலைப் பார்த்தார்கள். அப்பனும் பிள்ளைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். உதட்டில் கை.

பெரியக்காவுக்குச் சங்கடமாகிவிட்டது. அவள் திருடி இல்லை. எதையும் கேட்டுவிட்டுத்தான் எடுப்பாள்.

"அண்ணாச்சி, இது உங்க வத்தலா?"

கொம்பையா பதில் சொல்லவில்லை.

"உங்களோடது இல்லையா? அப்ப நாங்க எடுத்துக்கட்டுமா? வேண்டாம்னா வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. பறந்து போய்க்கிட்டே இருக்கோம்."

ஸ்டெல்லா கண்ணை உருட்டி டோனியைப் பார்த்தாள். கத்துடா, உனக்குத்தான் பெரிய தொண்டை ஆச்சே என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். டோனி பதிலுக்கு ஸ்டெல்லாவைப் பார்த்தான். நீதானே மூத்தவ, நீ கத்து என்று இந்தப் பார்வைக்கு அர்த்தம். இருவரும் சேர்ந்து புளியனைப் பார்த்தார்கள். சின்னப்பயல் அவுட்டானால் யாருக்கும் நஷ்டமில்லை. புளியன் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

கொம்பையா யோசித்தான். அவன் யோசிப்பது அபூர்வம். யோசித்தால் தனக்குச் சாதகமாகத்தான் யோசிப்பான். மழை வர இன்னும் நாள் கிடக்கிறது. நுங்கு இன்றைக்கே. தவிர, பிள்ளைகள் முன்னால் தகப்பன் தோற்கலாமா? குடும்பத்தில் ஒரு மரியாதை வேண்டாமா? அவன் கையை உதட்டில் இன்னும் அழுத்தி வைத்துக்கொண்டான்.

"என்ன அக்கா, ஊமையாயிட்டாங்களா?" என்று ஒரு குருவி கிசுகிசுத்தது.

"வெயில் மண்டைக்கு ஏறியிருக்கும். நாம வீட்டம்மாவையே கேட்டுருவோம்" என்றாள் பெரியக்கா. பொந்துக்குள் தலையை நீட்டினாள். "அக்கா, தூங்குறீங்களா? இந்த வத்தலை நாங்க எடுத்துக்கட்டுமா?"

பிலோமி அப்போது கனவில் தூங்குமூஞ்சி மரத்தில் உட்கார்ந்திருந்தாள். கீழே யாரோ ஒரு பிள்ளை, மிக நயமாக, அனுமதி கேட்டுக்கொண்டிருந்தது. இந்தக் காலத்தில் இப்படிக் கேட்கிற பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

"ம்ம்" என்றாள்.

"பெரிய மனசு" என்றாள் பெரியக்கா.

பிலோமி கண் விழித்தபோது நிழல் நீண்டிருந்தது. உடம்பு பஞ்சு மாதிரி இருந்தது. வெளியே பேச்சில்லை, மூச்சில்லை. ஆகா என்று சோம்பல் முறித்து வாசலுக்கு வந்தாள். நால்வரும் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"இப்படி அல்லவா இருக்கணும் பிள்ளைங்கன்னா" என்று சொல்லிக்கொண்டே பாறையைப் பார்த்தாள்.

பாறை துடைத்துவிட்டது போல் கிடந்தது. ஓரத்தில் ஓர் எறும்பு மட்டும், காம்பு ஒன்றை இழுத்துக்கொண்டு போனது.

"வத்தல் எங்க?"

பதில் இல்லை.

"ஸ்டெல்லா, வத்தல் எங்கடி?"

ஸ்டெல்லா கையை எடுக்கவில்லை. புளியன் மட்டும் அழுதுகொண்டிருந்தான். அதையும் சத்தமில்லாமல்.

"ஐயோ, முடிஞ்சுது. போட்டி முடிஞ்சுது. வாயைத் திறந்து தொலைங்க."

உடனே நான்கு பேரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"நான்தான் ஜெயிச்சேன்."

"நான் அசையவே இல்லம்மா."

"அம்மா, ஒண்ணுக்கு."

"பிலோமி, நேர்மையாப் பார்த்தா நான்தான் முதல்ல உட்கார்ந்தேன்."

வற்றலைப் பற்றி அவர்களிடமிருந்து பிடுங்கியெடுக்க அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. விஷயம் தெரிந்ததும் குளத்தைத் தாண்டி முள்புதருக்கு ஓடினாள். அங்கே கூட்டம் முழுக்க வயிறு புடைத்துக் கிளைகளில் சாய்ந்திருந்தது. வழக்கத்துக்கு மாறாக யாரும் பேசவில்லை. ஏப்பம் மட்டும்தான்.

"என் பிள்ளைங்க மழைக்குத் தின்ன வெச்சிருந்ததை ஒரே மத்தியானத்துல தின்னுட்டீங்களே, உங்களுக்கு வெட்கமா இல்ல?"

பெரியக்காவுக்கு உண்மையாகவே வருத்தமாகப் போய்விட்டது.

"இப்படிப் பேசலாமா அக்கா? உங்க வீட்டுக்காரரைக் கேட்டோம். பிள்ளைங்க முன்னாலதான் கேட்டோம். ஒருத்தரும் வேண்டாம்னு சொல்லல. உங்களையும் எழுப்பிக் கேட்டோம். நீங்க 'ம்ம்'னு சொன்னீங்க. இவங்க எல்லாரும் சாட்சி."

"ம்ம்" என்றது கூட்டம்.

"இன்னொண்ணும் சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தக் கோடை முழுக்க அந்த வத்தல் வாசம் எங்க மூக்கைத் துளைச்சுது. ஆனா உங்க பிள்ளைங்க போடற சண்டைக்குப் பயந்துக்கிட்டு, ஒருத்தி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்ல. இன்னிக்குத்தான் தைரியம் வந்துச்சு. அவ்வளவு அமைதி."

பிலோமி திரும்பி வந்தாள்.

மரத்தடியில் நுங்குப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. பெரிய துண்டு யாருக்கு என்பதில் தகப்பன், பிள்ளை என்ற வித்தியாசமே இல்லை. பிலோமி நேரே வேர் இடுக்குக்குப் போனாள். மண்ணைக் கிளறி நுங்கை எடுத்தாள். அவர்கள் கண்ணெதிரே உட்கார்ந்து, ஒரு கண் விடாமல் அத்தனையையும் உறிஞ்சித் தின்றுவிட்டு, வெறும் கூட்டைத் தூக்கி எறிந்தாள்.

"இது அநியாயம்" என்றான் கொம்பையா.

"ஆமா" என்றாள் பிலோமி.

ஸ்டெல்லா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டோனி மரத்துக்குப் பின்னால் போனான். புளியன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அப்பனின் வாலுக்கடியில் ஒளிந்தான். கொம்பையா மேல்கிளைக்கு ஏறி, நான்கு காலையும் தொங்கப் போட்டான். வாய் பேசாப் போட்டியில்கூட இல்லாத அமைதி அந்த மரத்தில் வந்து இறங்கியது.

தூரத்து மலைப்பக்கம் மேகம் ஒன்று தலைகாட்டியது. பிலோமி அதையே சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், அவளுக்கே பழக்கமில்லாத ஒரு குரலில் சொன்னாள்.

"வண்டிப்பாதைக்கு அந்தப் பக்கம் ஒரு இலுப்பை இருக்கு. அது தாமதமாப் பூக்கிற மரம். விடியறதுக்கு முன்னாடி போனா இன்னும் கொஞ்சம் பொறுக்கலாம். ஆனா ஒத்தையால முடியாது. அங்க பருந்து சுத்தும், பார்த்துச் சத்தம் குடுக்க ஆள் வேணும். யாராவது ஒருத்தர் கூட வாங்களேன்."

யாரும் வாய் திறக்கவில்லை.

தன் தூக்கத்துக்காக வீட்டார் வாயை அடைக்கிறவர்கள், ஆபத்து வந்த அன்றைக்கு 'ஏன் யாரும் சொல்லவில்லை' என்று கேட்கிற உரிமையையும் சேர்த்தே இழந்துவிடுகிறார்கள்.