வாயில் முள் பிடித்த ஆமை

ஒரு காட்டு ஏரியில் ஒன்பது ஆமைகள் வரிசையாக நீந்திப் பயணிகளை அக்கரை சேர்த்து வந்தன. முயல், அணில், எலி, ஓணான் என்று ஏரியைக் கடக்க முடியாதவர்கள் எல்லாரும் அவற்றின் ஓடுகள்மேல் ஏறிக்கொள்வார்கள். கோடையில் இக்கரையில் புல்லும் இருக்காது, பழமும் இருக்காது. அதனால் ஆமைகளுக்கு ஒருநாளும் ஓய்வு கிடையாது.

முதல் ஆமையின் பெயர் நெடுங்கழுத்தன். வழி பார்ப்பது அவன் வேலை. கடைசி ஆமையின் பெயர் பொறையன். ஏறியவர்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்று பார்ப்பது அவன் வேலை. கழுத்து எத்தனை நீளமாக இருந்தாலும் ஆமையால் தன் ஓட்டுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க முடியாது அல்லவா? அதனால் ஒவ்வொரு திருப்பத்திலும் நெடுங்கழுத்தன், "வால் சேமமா?" என்று கூப்பிடுவான். "சேமம், போகலாம்" என்று பொறையன் குரல் கொடுப்பான். யாராவது தண்ணீரில் விழுந்துவிட்டால், "நில்!" என்பான். அந்த ஒரு சொல்லுக்கு ஒன்பது ஆமைகளும் அப்படியே நின்றுவிடும்.

இருபது கோடைகளாகப் பொறையனுக்கு இதே வேலை. தொண்டை கரகரத்துவிட்டது. கால்கள் வலிக்காத நாள் இல்லை. ஆனாலும் தண்ணீரில் ஒரு குஞ்சைக்கூட விட்டதில்லை என்பதில் அவனுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்தது.

முன்பெல்லாம் கரையில் இரண்டு கீரிகள் நின்று, ஏறுகிறவர்கள் யார் எவர் என்று பார்த்து அனுப்பும். காட்டு நிர்வாகம் கரடியாரின் கைக்கு வந்ததும், அந்த இரண்டையும் அவர் தம் தேன் மரத்துக்குக் காவல் போட்டுக்கொண்டார். கரடியாருக்கு நன்றாக நீந்தத் தெரியும். ஆமைமேல் ஏறவேண்டிய அவசியம் அவருக்கு ஒருநாளும் வந்ததில்லை.

ஒருநாள் காலை, உடம்பெல்லாம் சேற்றைப் பூசிக்கொண்டு ஒரு காட்டுப்பூனை கூட்டத்தோடு கூட்டமாக ஏறிவிட்டது. கோரைப் புதர்த் திருப்பம் வந்ததும் எட்டாவது ஆமைமேல் இருந்த முயல்குட்டியைக் கவ்விக்கொண்டு புதருக்குள் பாய்ந்தது. பொறையன், "நில்! நில்!" என்று கத்தினான். ஆமைகள் நின்றன. பூனை நிற்கவில்லை.

குட்டியின் தாய் வெண்செவி கரையில் இறங்கியதும் பொறையன் முன்னால் வந்து நின்றது.

"கத்தினீங்க அண்ணே. கத்துறதத் தவிர வேற என்ன செஞ்சீங்க?"

வெண்செவி சொன்னது உண்மைதானே. அன்று முழுக்க அவனுக்கு ஒரு வாய் பாசிகூட உள்ளே இறங்கவில்லை.

மறுநாள் கரையில் கூட்டம் கூடியது. கரடியார் பாறைமேல் உட்கார்ந்திருந்தார்.

"ஆமைக்கு ஆயுதம் குடுங்க" என்றது வெண்செவி. "வெறும் வாயை வச்சுக்கிட்டு அவரு எப்படி எங்களக் காப்பாத்துவாரு?"

"நியாயமான பேச்சு" என்றார் கரடியார். முள்ளம்பன்றி உதிர்த்துப் போட்ட முள் ஒன்றைக் கையோடு கொண்டு வந்திருந்தார். "பொறையா, இந்தா. இனிமே நீதான் காவல்."

பொறையன் முள்ளைப் பார்த்தான். பூனை பாய்ந்தபோது இப்படி ஒன்று இருந்திருந்தால் என்று அவனும் நினைத்தவன்தான். ஆனாலும் கேட்டான்.

"ஐயா, ஆமைக்கு நாலு காலும் நீந்துறதுக்குத்தான். முள்ள வாயிலதான் பிடிக்கணும். அப்புறம் குரல எதால குடுக்குறது?"

"முன்னால போற ஓட்டுல முள்ளால தட்டு, அவனவன் தனக்கு முன்னால இருக்கிற ஓட்டுல தட்டிச் சொல்லட்டும். சேமம்னா ஒரு தட்டு. பகைன்னா படபடன்னு தட்டு. அதக் கேட்டதும் நெடுங்கழுத்தன் வேகமாப் போயிடணும். அவ்வளவுதான்."

"அதுக்குப் பதிலா, அந்தக் கீரிங்க ரெண்டையும் திரும்பக் கரைக்கு அனுப்பினீங்கன்னா..."

"கீரிக்கு வேற வேலை இருக்கு" என்றார் கரடியார். குரல் கொஞ்சம் தடித்தது. "அப்புறம் ஒண்ணு. அந்த முள்ள மட்டும் தொலைச்சே, இந்த ஏரியிலயே உனக்கு இடம் இல்ல."

கூட்டம் ஆரவாரம் செய்தது. முள் கொடுத்தாயிற்று, கவலை விட்டது என்று எல்லாரும் கலைந்து போனார்கள். கீரிகளைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அன்றிலிருந்து பொறையன் வாயில் முள்ளோடு நீந்தினான். தாடை மரத்துப் போனது. முன்பு ஏறுகிறவர்களை அவன் பயணிகளாகப் பார்த்தான். இப்போது இவன் பூனையா, அவன் நரியா என்றுதான் பார்க்கத் தோன்றியது. அவர்களும் முள்ளின் நுனியைப் பார்த்து ஒதுங்கியே உட்கார்ந்தார்கள்.

தினமும் தாயோடு வரும் மூவரி என்ற அணில்பிள்ளை மட்டும் ஒதுங்கவில்லை. எட்டாவது ஆமையின் ஓட்டில் பின்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு அவனிடம் பேசிக்கொண்டே வருவாள்.

"மாமா, இப்பல்லாம் நீங்க சேமம்னு சொல்லவே மாட்டேங்கிறீங்களே. வாய் வலிக்குதா?"

பொறையன் கண்ணைச் சிமிட்டினான். அதற்கு மேல் அவனால் என்ன சொல்ல முடியும்?

ஒருநாள் காற்று பலமாக வீசியது. அலை ஒன்று எட்டாவது ஆமையைச் சாய்த்தது. மூவரி வழுக்கித் தண்ணீரில் விழுந்தாள். விழுந்த சத்தம் காற்றில், முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்த தாய் உட்பட யாருக்கும் கேட்கவில்லை. பார்த்தவன் பொறையன் ஒருவன்தான்.

"நில்!" என்று சொல்ல வேண்டும். இருபது கோடைகளாகச் சொன்ன சொல். ஆனால் வாய் திறந்தால் முள் விழும். முள் விழுந்தால் ஏரியில் இடம் இல்லை. தாடை தானாக இறுகிக்கொண்டது.

'நில்' என்பதற்குத் தட்டு எதுவும் வகுக்கப்படவில்லை. அவன் முன் ஓட்டில் தட்டினான். பதற்றத்தில் படபடவென்று தட்டினான்.

தட்டு ஓடு ஓடாகக் கடந்து வந்ததும், "பகை!" என்று நெடுங்கழுத்தன் புரிந்துகொண்டான். சொல்லிக்கொடுத்தபடியே வேகமாக நீந்தினான். பின்னால் ஏழு ஆமைகளும் பாய்ந்தன. ஓடுகள்மேல் இருந்தவர்கள், "ஐயோ பூனை, பூனை!" என்று அலறினார்கள்.

பொறையன் முள்ளைத் துப்பிவிட்டு, "நில்!" என்று கத்தினான். அந்த அலறலில் அது யார் காதிலும் விழவில்லை. அவன் தனியாகத் திரும்பி நீந்தினான், மூழ்கினான், சேற்றைக் கிளறித் தேடினான். வரிசை அக்கரை சேர்ந்து வெகுநேரம் கழித்து அவனும் வந்தான். அவன் முதுகில் மூவரி அசையாமல் கிடந்தாள். தாய் அணில் ஓடிவந்து அவளை எடுத்து மடியில் போட்டுக்கொண்டது.

கரடியார் வந்து சேர்ந்தார். பிள்ளையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பொறையன் பக்கம் திரும்பினார்.

"முள்ளு எங்க?"

"தண்ணியில போச்சுங்க."

"தொலைச்சிட்டியா? நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கய்யா. அதான் வாயத் திறக்க யோசிச்சேன்." பொறையனின் கரகரத்த குரல் இன்னும் கீழே இறங்கியது. "பிள்ள விழுறதப் பார்த்ததும் நில்லுன்னு சொல்லியிருந்தா, எல்லாரும் நின்னிருப்பாங்க. நான் ஒரு நொடி முள்ள நினைச்சேன். அந்த ஒரு நொடியிலதான் பிள்ள போச்சு."

வெண்செவி மெல்ல முன்னால் வந்தது.

"முள்ளு குடுங்கன்னு முதல்ல கேட்டது நான்தான் அண்ணே" என்றது. தாய் அணிலின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது.

கரடியார் தொண்டையைச் செருமினார். "முள்ளு பத்தல. அடுத்தவனுக்கு ரெண்டா குடுத்துடலாம்" என்றார். பொறையனை அன்றைக்கே ஏரியை விட்டு அனுப்பிவிட்டார்.

மறுநாள் காலை புதிய கடைசி ஆமை ஒன்று வாயில் இரண்டு முட்களோடு கரையில் காத்திருந்தது. பயணிகள் ஒருவர்பின் ஒருவராக ஏறினார்கள். ஏறாமல் என்ன செய்வது, பசும்புல் அக்கரையில் அல்லவா இருக்கிறது.

காவலுக்குத் தனி ஆள் வைக்க மனமில்லாமல், வழித்துணையாக வருகிறவனிடமே ஆயுதத்தைத் திணித்தால், காவலும் நடக்காது, அவன் அதுவரை ஒழுங்காகச் செய்துவந்த வேலையும் கெட்டுவிடும்.