மணிக்காரர் ஓட்டிய பரிசல்

எங்கள் மடத்தில் ஒரு வழக்கம் உண்டு. மணி அடித்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட வேண்டும். பாதி நறுக்கிய வெண்டைக்காயானாலும் சரி, பாதி சொன்ன பேச்சானாலும் சரி. மணி அடிக்காமல் யாரும் இலையில் கை வைக்கவும் கூடாது.

அந்த மணி சங்கரலிங்கம் அண்ணாச்சியின் பொறுப்பு. ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்துக்கு வந்த புதிதிலேயே ஒரு கட்டளை போட்டார்.

“மணி விஷயத்துல எனக்கு யாரும் ஞாபகப்படுத்தக் கூடாது.”

நாங்களும் ஞாபகப்படுத்தியதில்லை. அவரும் பிந்தியதில்லை. அதில் அவருக்குக் கர்வம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன்.

நான் பேச்சியம்மாள். மடத்து அடுப்படி என்னுடையது. அண்ணாச்சியால் அதிகம் பாடுபட்டவள் நான்தான். உப்பு ஒரு கல் கூடினால் போதும், இலையைத் தள்ளிவிட்டு எழுந்து போவார். தவம் என்றாலும் அப்படித்தான். பங்குனியில் ஒருநாள் மணிக்கயிற்றை முறைப்படி என்னிடம் ஒப்படைத்துவிட்டுத் தியானப் பலகையில் உட்கார்ந்தார். சாப்பிட எழவில்லை, தண்ணீர் குடிக்க எழவில்லை. கடைசியில் மயங்கிச் சரிந்தவரை நாங்கள் நாலு பேர் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்க வைத்தோம். கனமான மனுஷன்.

எல்லாம் தீட்சைக்காகத்தான். எங்கள் குரு வடிவம்மா அவருக்குத் தங்கை வயசு. பார்க்கும்போதெல்லாம் அண்ணாச்சி கேட்பார்.

“தீட்சை எப்பம்மா?”

“பாப்போம் அண்ணாச்சி.”

அந்த ‘பாப்போம்’ அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால் அம்மாவின் அறைக்குச் சுக்குக் காப்பி கொண்டுபோனேன். வழக்கமான கேள்வியோடு அண்ணாச்சியும் கூடவே வந்தார். அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இடமும் வலமுமாகச் சாய்ந்துகொண்டிருந்தார். திரையில் ஓர் ஆறு. ஆற்றில் ஒரு பரிசல் சுற்றிச் சுற்றிப் போனது.

“என்னம்மா இது?”

“பரிசல் விளையாட்டு. இருங்க அண்ணாச்சி, சுழி வருது.”

“நீங்களா விளையாடுதீங்க?”

“பின்னே? பரிசல் தானா போகுமா?”

அண்ணாச்சியின் முகம் சிவந்துவிட்டது. “சின்னப் பிள்ளைக மாதிரி! இதுக்கெல்லாம் உங்களுக்கு நேரம் இருக்கா?”

“கொஞ்சம் இருக்கு. காலையிலேருந்து வந்தவங்க கவலையெல்லாம் கேட்டேன். கேட்டுக் கேட்டுக் காது அடைச்சுப் போச்சு. கொஞ்ச நேரம் ஆத்துல போயிட்டு வந்தா, அடுத்தவங்க சொல்லுதது புதுசாக் காதுல விழுது.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். விடுவிடென்று மணியடிக்கப் போய்விட்டார்.

மணி அடித்தது. அந்த நொடியே அம்மா போனைப் பாயில் வைத்தார். பரிசல் பாறையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“ஐயோ, மோதப் போகுதும்மா!”

“மோதட்டும் பேச்சி. பசிக்குது, வா.”

இதை அண்ணாச்சி பார்க்கவில்லை. அவர் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் அண்ணாச்சி தகரப் பெட்டியும் கையுமாக அம்மா முன்னால் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது.

“வீடு வாசலை விட்டுட்டு உங்களை நம்பி வந்தேம்மா. தீட்சைக்கு நான் செய்யாத தவம் இல்ல. நீங்க என்னடான்னா போன்ல விளையாடிக்கிட்டு இருக்கீங்க. எனக்கு மனசு விட்டுப் போச்சு. மத்தியான பஸ்ஸுக்குப் போறேன். வேற குருவைப் பாத்துக்கிடுதேன்.”

கேட்டுக்கொண்டிருந்த எனக்கே கஷ்டமாகிவிட்டது. இலையைத் தள்ளுகிறவர்தான், ஆனாலும் எங்கள் ஆள் இல்லையா?

அம்மா தடுக்கவில்லை. “போயிட்டு வாங்க. கையில மணிப் பொறுப்பு இருக்கே?”

“மத்தியான மணியை அடிச்சுட்டுத்தான் கிளம்புவேன். பொறுப்புன்னா பொறுப்பு.”

“அதுவரைக்கும் சும்மாதானே இருப்பீங்க? இந்தாங்க, இந்தப் பரிசலை ஒரு தடவை கரை சேத்துட்டுப் போங்க.”

“நானா?”

“நேத்து என்னால முடியல.”

“ஒரே தடவைதான்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, ஏதோ செத்த எலியை வாங்குவதுபோல் வாங்கிக்கொண்டார். மணிக்கூண்டின் கீழேயே, பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

நான் சமையலுக்குப் போய்விட்டேன். சாம்பாரை இறக்கினேன், பொரியலை இறக்கினேன், கூட்டத்தை உட்கார வைத்து இலை போட்டேன், பரிமாறினேன். மணி அடிக்கவில்லை.

எல்லோரும் சோற்றைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர், “ஏதாவது விரதமா?” என்று என்னைக் கேட்டார். நான் என்னத்தைச் சொல்ல? சாம்பாரில் ஏடு படிய ஆரம்பித்தது.

எட்டிப் பார்த்தேன். அண்ணாச்சி பெட்டியின் மேல் இப்படியும் அப்படியுமாகச் சாய்ந்துகொண்டிருந்தார்.

“வலது பக்கம்... அட, வலது பக்கம்ங்கேன்! போச்சு! சரி, இன்னொரு தடவை.”

பிறகு ஒரு சத்தம் கேட்டது. அது என்ன என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அண்ணாச்சி சிரிக்கிறார்! மடத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் சிரித்து நான் கேட்டதில்லை.

மத்தியான பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு எங்கள் வாசலைக் கடந்து போனது. அதுவும் அவர் காதில் விழவில்லை. கூப்பிடலாம் என்று வாயெடுத்தேன். அம்மா உதட்டில் விரல் வைத்தார். அவரும் இலைக்கு முன்னால் பட்டினியாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

மணிக்கூண்டுத் தூணின் நிழல் நகர்ந்து தன் காலில் விழுந்தபோதுதான் அண்ணாச்சி நிமிர்ந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பந்தியில் இருந்த அத்தனை முகங்களையும் பார்த்தார். பாய்ந்துபோய்க் கயிற்றை இழுத்தார். நாங்கள் சாப்பிட்டோம். அவர் மட்டும் உட்காரவில்லை.

பந்தி முடிந்ததும் அம்மாவிடம் வந்து போனை நீட்டினார்.

“என் சர்வீஸ்ல ஒரு வண்டியைக் கூட நான் பிந்த விட்டதில்லம்மா. இன்னிக்கு இத்தனை பேரைப் பட்டினி போட்டுட்டேன். இது பேய்தாம்மா. இதை உடைச்சுப் போட்டிருங்க.”

“பங்குனியில தியானப் பலகையில உக்காந்து மயங்கி விழுந்தீங்களே அண்ணாச்சி, நான் பலகையை உடைச்சேனா?”



“அது தியானம். இது விளையாட்டு” என்றார் அண்ணாச்சி, பாதிக் குரலில்.

“சரி, விளையாட்டு. பரிசல் எத்தனையோ தடவை மோதியிருக்குமே?”

“மோதிக்கிட்டேதான் இருந்துச்சு.”

“மோதினதும் என்ன செஞ்சீங்க?”

“திரும்ப முதல்லேருந்து விட்டேன்.”

“கோபம் வந்துச்சா?”

யோசித்தார். அவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். “வரலம்மா.”

“பேச்சி, கேட்டியா? அண்ணாச்சிக்குக் கோபம் வரலையாம்.”

“கேட்டுக்கிட்டேதான் இருக்கேன்” என்றேன். “நாளைக்கே உப்பைக் கூடப் போட்டுப் பாத்துருவோம்.”

அம்மா போனை அவர் கையிலேயே திரும்ப வைத்தார். “சாயங்கால வேலையெல்லாம் முடிஞ்ச பிறகு, கஞ்சி மணிக்கு முன்னால கொஞ்ச நேரம் விளையாடுங்க. மணி நீங்கதான் அடிக்கணும். யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க.”

“வேற யாரையாவது அடிக்கச் சொல்லுங்கம்மா. எனக்குப் பயமா இருக்கு.”

“பயம் இருந்தா நல்லதுதான். பெட்டியை உள்ள வைங்க.”

பெட்டி உள்ளே போனது. எனக்கு இருந்த சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் அவர் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டுமே! ஒரு கையில் பரிசல், ஒரு கையில் கயிறு. மணியை இழுத்துக்கொண்டே விளையாடுவார். “மணி கரையில, மணிக்காரர் ஆத்துல” என்று நான் கேலி செய்வேன். முறைப்பார். கொஞ்ச நாளில் போனைத் திண்டின் மேல் வைத்துவிட்டு வந்தார், ஆனால் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒருநாள் அதற்கும் பயந்துகொண்டு விளையாடாமலேயே இருந்தார். அம்மா விடவில்லை. “விளையாடுததும் ஒரு வேலைதான் அண்ணாச்சி, செய்யுங்க” என்றார்.

நடுவில் ஒருநாள் உண்மையிலேயே பதம் தவறிச் சோறு குழைந்துவிட்டது. பயந்துகொண்டே பரிமாறினேன். அண்ணாச்சி ஒரு வாய் வைத்தார், என்னைப் பார்த்தார்.

“பேச்சி, பாறையில மோதிட்ட போலிருக்கே. நாளைக்கு முதல்லேருந்து விடு.”

சிரித்துக்கொண்டே மிச்சத்தையும் சாப்பிட்டார். நான் அடுப்படிக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். புகைதான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தீட்சையைப் பற்றி அவர் கேட்பதும் எப்போதோ நின்றுபோயிருந்தது.

பிறகு அந்தச் சாயங்காலம். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன், அண்ணாச்சி என் பக்கத்தில்தான் உட்கார்ந்து விளையாடினார். சுழி தாண்டியது, பாறைகள் எல்லாம் தாண்டின. ஆற்றின் முடிவில் பச்சையாக ஒரு கரை தெரிந்தது. அதை அம்மாவும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை. என் கையில் கீரை அப்படியே நின்றது.

அண்ணாச்சி கடிகாரத்தைப் பார்த்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். எழுந்து நடந்துபோய் மணியை அடித்தார். ஒரு தடவை கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

பந்திக்கு வந்த அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அம்மா அண்ணாச்சியைக் கூப்பிட்டார்.

“கரை தெரிஞ்சதாமே?”

“தெரிஞ்சதும்மா. நல்லா இருந்துச்சு.”

“விட்டுட்டு வந்துட்டீங்க?”

“மணி அடிக்கிற நேரம் ஆயிட்டு. ஆறு எங்க போகப் போகுது?”

“தலையைக் குனிங்க.”

அண்ணாச்சிக்குப் புரியவில்லை. குனிந்தார். அம்மா அவர் தலைமேல் கை வைத்து, காதில் ஏதோ சொன்னார். கஞ்சி வாளியும் கையுமாக நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அண்ணாச்சி நிமிர்ந்தபோது கண்ணில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“தீட்சையாம்மா?”

“ஆமா.”

“இவ்வளவுதானா?”

“ஏன், இன்னும் வேணுமா?”

அண்ணாச்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“வேண்டாம்மா. போதும்.”

“அப்பாடா! அந்த வார்த்தை உங்க வாயிலேருந்து வரட்டும்னுதான் அண்ணாச்சி இத்தனை நாளும் காத்துக்கிட்டிருந்தேன். வந்து உக்காருங்க, கஞ்சி ஆறுது.”