மூச்சுக்குக் காவல்

சிறுமலை அடிவாரத்தில் மங்களநாயகி அம்மா நடத்திவந்த ஆசிரமத்துக்கு ஆடி மாதத்தில் தருமலிங்கம் வந்து சேர்ந்தார். குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம். மருத்துவக் கல்லூரியில் மூளையைப் பற்றிப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். அதனால் அம்மா அவரை வாத்தியாரே என்றுதான் கூப்பிடுவார்.

சித்திரையில் அவருடைய தம்பி தூக்கத்திலேயே இறந்துபோனார். அன்றிலிருந்து தருமலிங்கத்துக்குத் தூக்கமில்லை. கண் அயர்ந்தால் போதும், மூச்சு நின்றுவிடுமோ என்று தூக்கிவாரிப்போட்டு எழுந்துவிடுவார். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. வந்த அன்றே அம்மாவிடம் இதைச் சொன்னார்.

"தூங்கறப்ப மூச்சை யார் பாத்துக்கறாங்க? நீங்கதான் படிச்சவராச்சே" என்றார் அம்மா.

அவர் விளக்கினார். பிடரிக்கு உள்ளே, மூளைத்தண்டில், கொஞ்சம் நரம்புச் செல்கள் இருக்கின்றன. செரடோனின் என்ற ரசாயனத்தைச் சுரப்பவை. விழித்திருக்கும்போது கடிகாரம் மாதிரி ஒரே சீராகத் துடிக்கும். நடந்தாலோ மென்றாலோ துடிப்பு இன்னும் கூடும். மூச்சு முட்டி ரத்தத்தில் கரியமில வாயு ஏறினால் மோப்பம் பிடித்துவிடும். மூச்சை வேகப்படுத்தும். தூங்குகிறவரை உலுக்கவும் செய்யும்.

"நல்ல காவல்காரங்கதானே. அப்புறம் என்ன பயம்?"

"தூக்கம் வந்தா அவங்களும் சோர்ந்துருவாங்கம்மா. கனவு வர்ற நேரத்துல அநேகமா அடங்கியே போயிருவாங்க. அப்ப யார் இருக்கா?"



மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா சமையல்கட்டை ஒட்டிய கூடத்துக்கு அவரைக் கூப்பிட்டார். பாயை விரித்துப் படுத்துக்கொண்டார்.

"என் மூச்சைக் கொஞ்சம் பாத்துக்குங்க. நின்னா எழுப்புங்க."

தருமலிங்கம் திடுக்கிட்டார். அம்மா அதற்குள் கண்ணை மூடிவிட்டார். மூடியபடியே, பக்கத்தில் முறத்திலிருந்த மொச்சைக்காயை உரிக்கச் சொன்னார். கை ஓடிக்கொண்டிருந்தால் வாத்தியாருடைய காவல்காரர்கள் விழித்திருப்பார்கள் அல்லவா என்றார்.

அவர் ஒரு காயை உரிப்பார், அம்மாவைப் பார்ப்பார். மூச்சு ஏறி இறங்கியது. அடுத்த காயை எடுப்பார். தன்னுடைய மூச்சு அவருக்கு ஞாபகமே வரவில்லை.

அவர் கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. கன்னத்தில் பாயின் கோடுகள் பதிந்திருந்தன. மொச்சை முழுவதும் உரித்தாகிவிட்டது. அம்மா தோலைக் கூட்டி ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

தருமலிங்கம் பதறி எழுந்தார். "மன்னிக்கணும்மா. காவலை விட்டுட்டேன்."

"எதுவும் நின்ன மாதிரி தெரியலையே. என்னுதும் ஓடுது, உங்களுதும் ஓடுது. கனவு ஏதும் வந்துச்சா?"

அவர் யோசித்தார். தம்பியும் தானும் டவுன் பஸ்ஸில் போனதாகவும், தம்பி ஒரு கொய்யாப்பழத்தைக் கடித்துவிட்டு மீதியை நீட்டியதாகவும் சொன்னார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. கண்ணையும் துடைத்துக்கொண்டார்.

"அப்ப உங்க ஆளுங்க அடங்கியிருந்த நேரம்" என்றார் அம்மா.

"ஆமா."

"ஒரு நேரம் மூச்சு கொஞ்சம் தாறுமாறாத்தான் வந்துச்சு. ஆனா வந்துச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்."

தருமலிங்கம் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"இன்னொண்ணு. முகத்துல ஈ உக்காருதேன்னு போர்வையை இழுத்து மூடிவிட்டேன். தள்ளிவிட்டீங்க. மறுபடி மூடினேன். மறுபடி தள்ளிட்டீங்க. குறட்டை மட்டும் குறையலை. கடைசியில நான் விசிறியை எடுத்துக்கிட்டேன்."

"நானா? எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. நான் தூங்கிட்டுல்ல இருந்தேன்." சற்று நிறுத்தி, மெதுவாகக் கேட்டார். "அப்ப தள்ளினது யாரு?"

அம்மா முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தார்.

"கூப்பிட்டுக் கேட்டுறாதீங்க வாத்தியாரே. அவர் வேலையா இருக்காரு."