வெறுங்கலயம்

"தாயி, எனக்கு உத்தரவு குடுங்க. வடக்கப் பாத்து உக்காந்துடுதேன்."

மாசிலாமணி கேட்டது இவ்வளவுதான்.

வடக்குப் பார்த்து உட்கார்வது என்றால் சும்மா உட்கார்வதில்லை. அன்னம் தண்ணியைத் தொடாமல் உட்கார்வது. உயிர் தானாகப் போகிறவரை எழுந்திருக்காமல் உட்கார்வது.

மடத்தாயி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஈர விறகு, பற்றுவேனா என்று அடம்பிடித்தது.

மடம் என்றதும் கோபுரத்தையும் யானையையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பாறை அடிவாரத்தில் ஒரு கூரை, ஒரு கிணறு, ஒரு அடுப்பு. தாயிக்கு மாசிலாமணியின் கடைசித் தங்கையின் வயதுதான் இருக்கும். உபதேசம் கேட்டு வந்தவர்களைத் தண்ணீர் இறைக்க விட்டுவிடுவாள். அப்படியும் நாலு ஊர்ச் சனம் அவளைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தது.

"அவசரமா?" என்று கேட்டாள்.

"அவசரம் ஒண்ணுமில்ல."

"அப்ப இந்தக் கஞ்சியக் கொண்டுபோயி, சுண்ணாம்புக் காளவாசல் பக்கத்து வீட்டுல வச்சிட்டு வாங்க. அம்மை போட்ட வீடு. போறதுக்கு ஆளில்ல."

"நான் எதுக்குத் தாயி?"

"கிணத்துல உங்க மூஞ்சியப் பாருங்க."

பார்க்க வேண்டியதில்லை. முகம் முழுக்கப் பொத்தல் பொத்தலாக வடு. ஒருமுறை அம்மை வார்த்த உடம்பில் மறுமுறை வார்க்காது. இது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

அவர் வீட்டுக்கு அம்மை வந்தது மாசி மாதத்தில். முதலில் படுத்தவர் அவர்தான். நினைவு தப்பிக் கிடந்து, ஒருநாள் கண்ணைத் திறந்தார். வீட்டில் சத்தமே இல்லை.

மனைவியும் இரண்டு மகள்களும் போய்விட்டிருந்தார்கள். யாரோ தூக்கிப்போய்ப் புதைத்திருந்தார்கள். அவர் ஒரு பிடி மண்கூடப் போடவில்லை.

அன்றிலிருந்து அவர் நெற்றியில் திருநீறு ஏறவில்லை. தாயி அதைப் பற்றிக் கேட்டதும் இல்லை.

"கஞ்சிய வச்சிட்டு வந்தா உத்தரவு தருவீங்களா?"

"வந்து கேளுங்க. முதல்ல ஒரு வாய் குடிச்சிட்டுக் கெளம்புங்க. கால் தள்ளாடி, கஞ்சி சிந்திறப் போவுது."

குடித்தார். உப்பில்லை. அம்மைக்குப் பயந்து சந்தை கூடாமல் போய் வெகுநாள் ஆகியிருந்தது. உப்பில்லாத கஞ்சியும் உப்புப் போட்ட கஞ்சியும் அவருக்கு அப்போது ஒன்றுதான்.

*

அந்த வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. வாசலுக்கு எதிரே ஒரு கல். கல்லின் மேல், தாயி முந்தின நாள் வைத்துவிட்டு வந்த கலயம் கழுவிக் காயவைத்து இருந்தது.

புதுக் கலயத்தை வைத்தார். பழைய கலயத்தை எடுத்தார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

நடந்தார் என்பது மரியாதைக்குச் சொல்வது. ஓடினார்.

"உள்ள யாரு இருக்கா?" என்று தாயி கேட்டாள்.

"பாக்கல."

"சத்தம் ஏதும் கேட்டுதா?"

"காதைப் பொத்திக்கிட்டேன்."

தாயி கலயத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அடியில் ஒரு பிடி உப்பு.

அவள் அதைக் கையில் கொட்டிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு அடுப்பில் கொதித்த கஞ்சியில் போட்டாள்.

"ஒரு பிடி உப்புக்கு இம்புட்டுக் கும்பிடா?" என்றார் மாசிலாமணி.

"வெறுங்கலயமாத் திருப்பித் தரக் கூடாதுன்னு வச்சிருக்கா அந்த வீட்டுக்காரி."

அவருக்கும் அந்த வழக்கம் தெரியும். எந்த வீட்டுப் பாத்திரம் வந்தாலும் வெறுமையாகத் திருப்பமாட்டாள் அவர் மனைவி. ஒன்றுமில்லை என்றால் நாலு கறிவேப்பிலையாவது போட்டுத்தான் அனுப்புவாள். அது ஞாபகம் வந்ததும் அவருக்கு உப்பின் மேல் கோபம் வந்தது.

"உத்தரவு குடுங்க தாயி."

"நாளைக்குப் பாக்கலாம். நாளைக்கும் கஞ்சி போகணும்லா?"

*

மறுநாள் கலயத்தில் வற்றல் மிளகாய் இருந்தது. அதற்கடுத்து ஒரு கொட்டைப் புளி. பிறகு ஒரு துண்டு மஞ்சள்.

அவர் தினமும் போனார், தினமும் ஓடிவந்தார். தினமும் உத்தரவு கேட்டார், தினமும் அதே பதில்தான் கிடைத்தது.

ஒருநாள் கலயத்தைக் கவிழ்த்தபோது புளியங்கொட்டைகள் உருண்டன.

மாசிலாமணி சிரித்துவிட்டார். நல்ல சிரிப்பில்லை.

"இத வச்சிக்கிட்டு என்ன பண்ணச் சொல்லுதா? பல்லாங்குழி ஆடவா?"

தாயி கொட்டைகளைப் பொறுக்கி முந்தானையில் முடிந்தாள். "அந்த வீட்டுல புளி தீந்துபோச்சு" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. பதிலுக்கு ஆத்திரம் வந்தது.

"சாவு வாசல்ல நிக்கி. அந்த வீட்டுக்கு இந்த மரியாதையெல்லாம் எதுக்குத் தாயி? யாருக்கு நன்றி சொல்லுதா? எதுக்குச் சொல்லுதா? எல்லாத்தையும் பறிகொடுத்துட்டு நிக்கவ, இருக்கதையும் தூக்கிக் குடுக்கணுமா?"

தாயி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"நீங்க நினைவில்லாமக் கெடந்தப்ப, உங்க வாயில கஞ்சி ஊத்துனது யாரு?"

அவர் கவிழ்த்த கலயத்தை நிமிர்த்தி வைத்தார்.

"யாரோ ஊத்தாமப் பிழைச்சிருக்க மாட்டீங்க."

"தெரியாது."

"கேக்கலையா?"

"கேக்கல. எதுக்குடா ஊத்துனேன்னு ஏசத்தான் தோணிச்சு."

"கலயம்?"

"வாசப்படியில கெடந்துச்சு. எங்க வீட்டுக் கலயமில்ல." குரல் இறங்கிவிட்டது. "தாண்டி வந்துட்டேன்."

தாயி அடுப்பை ஊதப் போய்விட்டாள். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

*

அதன் பிறகு ஒரு காலை. வெயில் ஏறுவதற்குள்ளேயே அவர் திரும்பி வந்தார். கையில் கலயம் இல்லை.

மடத்தில் இருந்தது மொத்தமே இரண்டு கலயம். ஒன்று போனால் ஒன்று வரும்.

தாயி அவருடைய வெறும் கையைப் பார்த்தாள்.

"நேத்து வச்ச கஞ்சி வச்சபடி இருக்கு" என்றார் மாசிலாமணி. "ஆடை கட்டி, எறும்பு மொய்க்கி. அது பக்கத்துலயே இன்னைக்கு உள்ளதையும் வச்சிட்டு வந்துட்டேன். முடிஞ்சுபோச்சு தாயி."

"உள்ள போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அப்ப முடிஞ்சுபோச்சுன்னு எப்படிச் சொல்லுதீங்க?"

"என்னால முடியாது." அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "ஒருதடவ கண்ணத் தெறந்து, சத்தமில்லாத வீட்டப் பாத்துட்டேன். இன்னொருதடவ பாக்க என்கிட்ட தைரியமில்ல. நீங்க எத்தனையோ பேருக்குத் தைரியம் சொல்லுதீங்களே, எனக்கும் கொஞ்சம் குடுங்களேன்."

"என்கிட்ட இருந்தாத்தான குடுக்க முடியும்" என்றாள் தாயி.

சொல்லிவிட்டு எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நடந்தாள். அவர் பின்னால் போனார்.

காளவாசலைத் தாண்டியதும் அவள் நடை மெதுவானது. வாசல் கல்லுக்கு முன்னால் நின்றேவிட்டது. கல்லின் மேல் இரண்டு கலயங்கள். நேற்றையதில் காக்கை மூக்கை விட்டுக்கொண்டிருந்தது.

தாயி வேப்பிலையை விலக்கக் கையை நீட்டினாள். அந்தக் கை இலையைத் தொடாமல் நின்றதை மாசிலாமணி பார்த்தார். அப்போதுதான் அவள் முகத்தையும் பார்த்தார். ஒரு வடு இல்லை. அம்மை அவளை இன்னும் தொட்டதே இல்லை.

"பயமா இருக்கா தாயி?"

"ஆமா."

"அப்ப எதுக்கு..."

அவள் ஒரு காலைத் தூக்கி வாசற்படியில் வைத்தாள்.

அவருக்கு என்ன வந்ததோ தெரியாது. எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தார்.

"தள்ளி நில்லுங்க" என்றார். "எனக்கு வந்துபோன சீக்குதானே. நான் போறேன்."

*

உள்ளே இருட்டு. வாடை முகத்தில் அறைந்தது. ஈக்களின் சத்தம்.

பாயில் ஒரு பெண். சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தாள். தொட்டுப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. இருந்தும் தொட்டுப் பார்த்தார். விறைத்துப்போயிருந்தது.

இதைப் பார்க்கத்தான் இத்தனை நாள் ஓடினார். பார்த்துவிட்டார். செத்துப்போகவில்லை.

அடுப்பு மூலையில் ஏதோ அசைந்தது.

ஒரு பெண் குழந்தை. நாலைந்து வயது இருக்கலாம். உடம்பெல்லாம் பொருக்கு. காய்ந்து உதிர ஆரம்பித்திருந்தது. பிழைத்த பிள்ளை. உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது.

"உன் பேரென்ன?"

"சடச்சி."

"கஞ்சி வெளியே இருக்கே, எடுத்துக் குடிக்கலையா?"

"எடுக்கல."

"தூக்க முடியலையா?"

"தூக்குவேன்."

"பின்ன?"

"வீட்டுல ஒண்ணுமில்ல."

அவருக்குப் புரியவில்லை. "வீட்டுல ஒண்ணுமில்லன்னாத்தான பிள்ள கஞ்சியக் குடிக்கணும்?"

குழந்தை அவரை விவரம் தெரியாதவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தது.

"வெறுங்கலயமாக் குடுக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லுவா. நேத்துப் பூரா தேடிப் பாத்தேன். போட்டுக் குடுக்க ஒண்ணும் கெடைக்கல."

மாசிலாமணி அழுதார். மனைவிக்கும் மகள்களுக்கும் வராமல் நெஞ்சிலேயே கல்லாகிக் கிடந்த அழுகை. சத்தம் போட்டே அழுதார். வாசலில் நிற்கிற தாயிக்குக் கேட்டிருக்கும். கேட்டால் கேட்கட்டும் என்று அழுதார்.

குழந்தை அவர் முடிக்கும்வரை காத்திருந்தது.

அவர் வெளியே போய் அன்றைய கஞ்சியை எடுத்துவந்தார். நீட்டினார். அது வாங்கவில்லை. முதலில் ஏதாவது தேட வேண்டும் என்றது.

சேர்ந்து தேடினார்கள். உப்புச் சட்டி துடைத்துவிட்டாற்போல் இருந்தது. புளிப்பானையில் நார்கூட இல்லை. அவருடைய மடியிலும் ஒன்றுமில்லை. என்னிடம் ஒன்றுமே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர், முதன்முதலாக அதற்காக வெட்கப்பட்டார்.

கடைசியில் அடுப்புக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினார்.

"இது ஆகுமா?"

குழந்தை யோசித்தது. "பாத்திரம் தேய்க்க ஆகும்."

அதற்குப் பிறகுதான் குடித்தது. பாதி குடித்துவிட்டுக் கலயத்தை அவர் பக்கம் தள்ளியது. அவர் மீதியைக் குடித்தார். அழுத வாய்க்கு அது உப்புக் கரித்தது.

*

கலயத்தோடு அவர் வாசலுக்கு வந்தார். தாயி கல்லுக்கு அருகிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"தாய் போயிட்டா. பிள்ளை பிழைச்சிக்கிடுச்சு" என்றார்.

தாயி கண்ணை மூடித் திறந்தாள். "கலயத்துல என்ன?"

"சாம்பல்."

ஒரு சிட்டிகை எடுத்தார். நெற்றியில் பூசிக்கொண்டார். கலயத்தைக் கல்லின் மேல் வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தார்.

"இன்னைக்கு உத்தரவு கேக்கலையே?" என்றாள் தாயி.

அவர் வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தார். சடச்சி தன் அம்மாவின் பாய்க்கு அருகில் போய் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தது.

"மம்பட்டி ஒண்ணு வேணும் தாயி. வெயிலுக்கு முன்னால குழி வெட்டிறணும். பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணி ஊத்துற வரைக்கும் நான் இங்கதான் கெடப்பேன். நீங்க உள்ள வரக் கூடாது, கல்லுலயே வச்சிட்டுப் போயிருங்க."

"என்னத்த?"

"கஞ்சிய" என்றார் மாசிலாமணி. "ரெண்டாளுக்கு."