திரும்ப இடமில்லாத வளை

கருங்கல் காட்டில் ஓடைக் கரையை ஒட்டி ஒரு வளை இருந்தது. அதில் முள்ளாயி என்ற முள்ளம்பன்றி குடியிருந்தாள். உலகத்தில் யாரையும் நம்பக் கூடாது என்பது அவள் கட்சி. காற்றடித்து வாசலில் ஓர் இலை விழுந்தாலும், "யாரு அது?" என்று முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு வருவாள்.

அந்தச் சந்தேகத்துக்குக் காரணமும் இருந்தது. வளை நிறையச் சொத்து!

முள்ளம்பன்றிகளுக்கு எலும்பு என்றால் உயிர். பல் மழுங்காமலும் நீளாமலும் இருக்க எதையாவது கொறித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஓர் எலும்பு போதும். முள்ளாயிக்குப் போதவில்லை. மான் கொம்பு, மாட்டு எலும்பு, ஆமை ஓடு என்று கண்ணில் பட்டதையெல்லாம் இழுத்து வந்தாள். மாடு மேய்க்கிறவர்கள் விட்டுப்போன ஒற்றைச் செருப்பு, நசுங்கிய தூக்குவாளி மூடி, நாக்கு விழுந்த மாட்டு மணி, எல்லாம் உள்ளே இருந்தன. உதிர்ந்துபோன தன் முள்ளைக்கூட அவள் கட்டுக்கட்டாக அடுக்கி வைத்திருந்தாள். எதற்கு என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"என்னைக்காவது உதவும்!"

புருஷன்காரன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தான். கால் நீட்டிப் படுக்கக்கூட இடமில்லை என்றானதும், பக்கத்து மேட்டில் தனி வளை தோண்டிக்கொண்டு போய்விட்டான். போகிறவன் வாயில் ஏதாவது கவ்விக்கொண்டு போகிறானா என்று முள்ளாயி எட்டிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. அப்புறம்தான் அவளுக்குக் கொஞ்சம் அழுகை வந்தது.

இந்த நெரிசலில் அவளுக்கு இரண்டு குட்டிகள் பிறந்தன. முள் இன்னும் கெட்டிப்படாத பிஞ்சுக் குட்டிகள். எலும்புக்கும் செருப்புக்கும் நடுவில் அவற்றுக்கு ஒரு மூலை கிடைத்தது.

ஒருநாள் காலையில் பக்கத்துப் பொந்தில் இருக்கும் கெட்டியன் என்ற உடும்பு வாசலுக்கு வந்தான்.

"என்ன முள்ளாயி, குட்டிங்க சௌக்கியமா?"

"அது எதுக்கு உங்களுக்கு?"

"அட, சும்மா கேட்டேன்! ஆமா, உன் பின்வாசல் என்ன ஆச்சு? நேத்து மேட்டுப் பக்கம் போனேன். வாசலைக் காணோம், எலும்பாத்தான் தெரிஞ்சுது."

முள்ளாயிக்குச் சுருக்கென்றது. என் பின்வாசலை இவன் எதற்கு நோட்டம் பார்க்கிறான்?

"அங்கே உங்களுக்கு என்ன வேலை மாமா?"

"கோவிச்சுக்காதே. சொல்றதைக் கொஞ்சம் காது கொடுத்துக் கேளு. உனக்கு முன்பக்கம் என்ன இருக்கு? மூக்குதான் இருக்கு. பலமெல்லாம் முதுகிலேயும் வாலிலேயும்! எவனாவது வாசல்லே வந்து நின்னா நீ சட்டுன்னு திரும்பி முதுகைக் காட்டணும். உள்ளே திரும்ப இடம் இருக்கா? ஓடலாம்னா பின்வாசலும் அடைஞ்சு கிடக்கு. பச்சைக் குட்டிங்களை வச்சிருக்கே. பாதியைத் தூக்கி வெளியே போடு!"

முள்ளாயி விழுந்து விழுந்து சிரித்தாள். "விடச் சொல்றது யாரு? உடும்பு! பிடிச்சா விடாத சாதி நீங்க!"

"பிடிக்கிறவனுக்கு விடவும் தெரியணும் தாயி. இல்லேன்னா நான் முதல்லே ஏறின பாறையிலேயே இன்னும் ஒட்டிக்கிட்டு இருப்பேன்!"

"சரி, நான் வெளியே போட்டா அதை யார் எடுத்துக்குவாங்க?"

"யாரோ எடுத்துக்கட்டும். உனக்கென்ன?"

"ஓ! அப்படிச் சொல்லுங்க!" முள்ளாயியின் முள்ளெல்லாம் எழுந்து நின்றது. "வாசலுக்கு வந்த காரியம் இப்பத்தானே தெரியுது! நடையைக் கட்டுங்க மாமா!"

கெட்டியன் திரும்பிப் போய்விட்டான். முள்ளாயி அதற்குப் பிறகு சும்மா இருக்கவில்லை. வாசலோரம் கிடந்ததையெல்லாம் அவன் கைக்கு எட்டாதபடி உள்ளே தள்ளினாள். உள்ளே இருந்த கொஞ்ச இடமும் போயிற்று. வாசலில் மண்ணைப் பரப்பி வைத்துக் காலடித் தடம் பார்த்தாள். ஒருநாள் தடம் தெரிந்தது! பதறிப்போய் மோந்து பார்த்தாள். அவளுடைய தடம்தான். அதையும் அவள் முழுதாக நம்பிவிடவில்லை.

அப்போதுதான் சிரிப்பாண்டி என்ற கழுதைப்புலி அந்தப் பக்கம் வந்தான். வாயில் பெரிய தொடை எலும்பு ஒன்று இருந்தது. வாசலில் இருந்து மரியாதையாகத் தள்ளி நின்று அதைக் கீழே வைத்தான்.

"தங்கச்சி, எனக்கு இது ஒண்ணு கூடுதலாக் கிடக்கு. நீதான் பொருளோட அருமை தெரிஞ்சவள்னு காடே சொல்லுது. வச்சுக்கோ!"

கழுதைப்புலி எப்படிப்பட்டவன் என்று காட்டில் எல்லாருக்கும் தெரியும். முள்ளாயிக்கும் தெரியும். ஆனால் எடுத்துக்கொண்டு போகிறவனைத்தான் அவளுக்குச் சந்தேகப்படத் தெரியும். கொடுக்கிறவனைக் கண்டால் வாயெல்லாம் பல்!

"உங்களுக்கு எதுக்கு அண்ணே சிரமம்?" என்று கேட்டுக்கொண்டே எலும்பை உள்ளே இழுத்தாள்.

"உடும்புப் பய உன் பின்வாசல் பக்கமே சுத்துறான், பார்த்தியா? இந்த எலும்பை அங்கேயே செருகிடு. திருட்டு வழி அடைஞ்சுடும்."

"நீங்க ஒருத்தராவது எனக்காக யோசிக்கிறீங்களே!" முள்ளாயிக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு அவன் வருவது வாடிக்கையாயிற்று. வரும்போதெல்லாம் ஓர் எலும்பு. போகும்போதெல்லாம் ஒரு கேள்வி. "குட்டிங்களுக்கு முள்ளு கெட்டிப்பட்டுடுச்சா தங்கச்சி?" என்பான். "இன்னும் இல்லை அண்ணே" என்பாள். கெட்டியன் கேட்டபோது குத்திய கேள்வி, இவன் கேட்டபோது இனித்தது.

ஒருநாள் கிளைவிட்ட பெரிய மான் கொம்பைக் காணவில்லை. முள்ளாயி ஓட்டமாக ஓடிக் கெட்டியன் பொந்தின் முன் நின்றாள்.

"என் கொம்பை எடு!"

"எந்தக் கொம்பு?"

"தெரியாத மாதிரி நடிக்காதே! திருட்டுப் பயலே!"

மாமா என்ற வார்த்தை அன்றோடு போயிற்று. கெட்டியன் பொந்து வாசலிலிருந்து ஒதுங்கி வழி விட்டான். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"உள்ளே வந்து தேடிப் பாரு" என்று மட்டும் சொன்னான். முள்ளாயி தேடினாள். காய்ந்த சருகைத் தவிர அந்தப் பொந்தில் ஒன்றுமே இல்லை. எங்கேயோ ஒளித்துவிட்டான் என்று முடிவு கட்டிக்கொண்டு திரும்பினாள்.

அன்று பொழுது சாயும் நேரத்தில் சிரிப்பாண்டி வந்தான். வாயில் எலும்பு இல்லை. தள்ளியும் நிற்கவில்லை. நேராக வாசலுக்குள் தலையை விட்டான்.

"அண்ணே, என்ன இது? விளையாடாதீங்க!"

"விளையாட்டா?" சிரிப்பாண்டி சிரித்தான். "எலும்பை எவனாவது சும்மா கொடுப்பானா? கறியை வாங்கிட்டுப் போக வந்திருக்கேன் தங்கச்சி!"

இரண்டு முன்காலாலும் வாசல் மண்ணைப் பறித்து வழியை அகலமாக்கினான்.

முள்ளாயி சட்டென்று திரும்ப முயன்றாள். முதுகு முள் எதிலோ சிக்கியது. இழுத்தாள், வரவில்லை. அது அந்த மான் கொம்பு! கழுதைப்புலி கொடுத்த எலும்புக்கு அடியில் புதைந்து கிடந்திருக்கிறது. இடது பக்கம் திரும்பினால் மாட்டு மணி, வலது பக்கம் ஆமை ஓடு. பின்னால் எலும்புக் குவியல் சரிந்து குட்டி ஒன்று அடியில் மாட்டிக்கொண்டது. "அம்மா! அம்மா!" என்று அது கத்தியது. தன் பிள்ளைகளைத் தானே சிறை வைத்து எதிரி கையில் கொடுத்திருக்கிறோம் என்று அப்போதுதான் முள்ளாயிக்குப் புரிந்தது.

கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் இருந்த ஆமை ஓட்டைக் கவ்வினாள். வாசலைப் பார்த்துத் தள்ளினாள். செருப்பைத் தள்ளினாள். தூக்குவாளி மூடியைத் தள்ளினாள். ஒவ்வொன்றைத் தள்ளும்போதும் மனசு அடித்துக்கொண்டது. குட்டி கத்தும்போது அடுத்ததைத் தள்ளினாள்.

"என்ன, கொடுத்ததைத் திருப்பித் தர்றியா?" சிரிப்பாண்டி கேலி பேசினான். ஆனால் தள்ளியதெல்லாம் அவன் வழியை அடைத்தது. பசி அவனைப் பொறுக்க விடவில்லை. எரிச்சலோடு ஒவ்வொன்றாகக் கவ்வி வெளியே எறிந்தான். அவள் தள்ளத் தள்ள அவன் எறிந்தான். இவ்வளவு காலமும் முள்ளாயி செய்யாத வேலையை அவசரத்தில் அவனே செய்து கொடுத்தான்.

கடைசியில் மான் கொம்பிலிருந்து முதுகைப் பிய்த்துக்கொண்டு அதையும் தள்ளினாள். நான்கைந்து முள் அதோடு போயிற்று. அதையும் அவன் இழுத்து எறிந்தான்.

"வழி விட்டாச்சு!" என்று உற்சாகமாகத் தலையை நீட்டினான்.

வளைக்குள் இப்போது இடம் இருந்தது. முள்ளாயி திரும்பியிருந்தாள்! அத்தனை முள்ளையும் விரித்துக்கொண்டு பின்பக்கமாகவே பாய்ந்தாள். சிரிப்பாண்டியின் மூக்கிலும் உதட்டிலும் முள் ஏறியது. ஊளையிட்டுக்கொண்டு ஓடியவன் அந்தப் பக்கம் அப்புறம் தலை வைத்துப் படுக்கவில்லை.

முள்ளாயி குட்டியை எலும்புக்கு அடியிலிருந்து இழுத்து எடுத்தாள். அதன் பின்னங்கால் நசுங்கியிருந்தது. உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அது காலமெல்லாம் நொண்டிக்கொண்டேதான் நடந்தது.

பொழுது விடிந்ததும் பின்வாசலை அடைத்ததையெல்லாம் இழுத்து ஓடைச் சரிவில் தள்ளினாள். கொறிக்க ஓர் எலும்பை மட்டும் வைத்துக்கொண்டாள். அப்புறம் கெட்டியன் பொந்துக்குப் போய்த் தலை குனிந்து நின்றாள்.

"மாமா, கொம்பு என் வளையிலேயேதான் இருந்துச்சு. நான் பேசினது தப்பு. இப்ப உள்ளே இடம் இருக்கு. ஒரு தடவை வந்து குட்டிங்களைப் பார்த்துட்டுப் போங்க!"

கெட்டியன் பொந்துக்கு வெளியே வரவில்லை.

"குட்டிங்க பிழைச்சதே சந்தோஷம். ஆனா வேண்டாம் தாயி. நான் வந்துட்டுப் போன பிறகு உன் கண்ணு முதல்லே எதைத் தேடும்னு எனக்குத் தெரியும்."

காலியான வளைக்கு முள்ளாயி தனியாகத் திரும்பி நடந்தாள்.

வேண்டாத பொருளைக் காப்பாற்றுவதற்காக வேண்டியவர்களைச் சந்தேகிக்கிறவர்கள், பொருளைப் பிறகு தூக்கி எறிந்துவிடலாம், ஆனால் விலகிப் போன மனிதரைத் திரும்ப அழைத்து வர முடியாது.