எருக்கு பிள்ளைகளை அனுப்பிய நாள்

அந்தக் காலத்தில் செடிகளுக்கும் வாய் இருந்தது. எருக்குக்கு அது கொஞ்சம் நீளம். ஊருக்கு வெளியே ஒரு சரளை மேட்டில், நெருஞ்சிக்குப் பக்கத்தில் அவள் குடியிருந்தாள். நெருஞ்சி தன் பிள்ளைகளை வெள்ளாடுகளின் குளம்பில் குத்தி அனுப்பிவிடுவாள். எருக்குக்கு அது பிடிக்கவே இல்லை.

"பெத்த பிள்ளையைக் கண்ட ஆட்டுக் காலுல ஒட்டி விடுவாளா ஒருத்தி? என் பிள்ளைங்க என் காலடியிலதான் வளரும்" என்பாள்.

"உன் காலடியில எத்தனை பேருக்குத்தான் இடம் இருக்குக்கா?" என்று நெருஞ்சி கேட்பாள். எருக்கு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அப்போதெல்லாம் எருக்கின் விதை ஒவ்வொன்றும் புளியங்கொட்டை அளவு இருக்கும். காய் முற்றியதும் வேரடியில் விழும். விழுந்த இடத்திலேயே முளைக்கும். எருக்கு தன் அகன்ற இலைகளை விரித்து, ஒரு பொட்டு வெயில் படாமல் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வாள்.

பிறகு மழை பொய்த்தது. முதல் வருடம் ஓரத்துப் பிள்ளைகள் வாடின. அடுத்த வருடம் நடுவில் இருந்தவை கருகின. எருக்குக்கு மட்டும் ஓர் இலைகூடச் சுருங்கவில்லை. மூன்றாம் வருடம் ஒரே ஒரு பிள்ளை மிஞ்சியது. அதற்கு இரண்டே இலை.

"அம்மா, தண்ணி வர்ற சத்தம் கேக்குது. எங்கிட்ட வர்றதுக்குள்ள நின்னுபோயிடுது" என்றது அது.

எருக்கு மண்ணுக்குள் உற்றுக் கேட்டாள். அப்போதுதான் புரிந்தது. மிச்சமிருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொண்டிருந்தது அவளுடைய வேர்தான். குடிக்காதே என்று வேரிடம் கெஞ்சிப் பார்த்தாள். உயிரோடு இருக்கிற வேரால் குடிக்காமல் இருக்க முடியவில்லை. மறுநாள் உச்சிப்பொழுதுக்குள் அந்தப் பிள்ளையும் அவள் நிழலிலேயே சாய்ந்தது. எருக்கின் தலைமயிர் அன்றே வெளுத்துப்போனது.

கிளையில் ஒரு காய் மட்டும் பாக்கி இருந்தது.

"ஆடு ஏதும் இந்தப் பக்கம் வருமா தங்கச்சி?" என்று எருக்கு முதல்முறையாகக் கேட்டாள்.

"ஆடெல்லாம் பஞ்சத்துல செத்துப்போச்சுக்கா" என்றாள் நெருஞ்சி. குத்திக்காட்ட அவளுக்கும் மனம் வரவில்லை.

காற்று மட்டும்தான் வந்தது. எருக்கு அதை நிறுத்தினாள்.

"அண்ணே, என் பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போறீங்களா?"

"போறேன். எங்க விட்டேன்னு மட்டும் அப்புறம் கேக்காதம்மா. எனக்கே தெரியாது."

"பாறையில விழுந்துட்டா?"

"பாறையில விழும். கெணத்துல விழும். நூத்துல ஒண்ணு பொழைச்சா அதிகம்."

"இங்க இருந்தா அதுவும் பொழைக்காது" என்றாள் எருக்கு.

காற்று தூக்கிப் பார்த்தது. முடியவில்லை. "பால் குடிச்ச உடம்பும்மா, கனக்குது" என்றது.

எருக்கு ஒவ்வொரு விதைக்கும் ஊட்டி வைத்திருந்த பாலைச் சொட்டு விடாமல் தனக்குள் திரும்ப இழுத்துக்கொண்டாள். பெற்றவள் செய்யக் கூடாத காரியம், செய்தாள். விதைகள் வற்றித் தட்டையாகின. தன் வெள்ளை மயிரைப் பிடுங்கி ஒவ்வொன்றின் தலையிலும் முடிந்தாள்.

"பசிக்குதும்மா" என்றது ஒன்று.

"போற இடத்துல குடிக்கலாம்" என்று பொய் சொன்னாள்.

காய் வெடித்தது. காற்று எல்லோரையும் அள்ளிக்கொண்டு போனது. எது எந்தப் பக்கம் போனது என்றுகூட அவளால் பார்க்க முடியவில்லை. நாலாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. அவள் காலடியில் முளைக்க ஒரு விதைகூட இல்லை.

அன்று முதல்தான் எருக்கங்காய் வெடித்தால் வற்றிய விதைகள் வெள்ளை மயிரோடு பறந்து போகின்றன. எங்கே விழுந்தன என்று எந்த எருக்குக்கும் தெரிவதில்லை. யாரும் குடிக்காமல் அவளிடம் தங்கிப்போன பாலும் நஞ்சாகிவிட்டது, மாடுகூட வாய் வைக்காது. ஆனாலும் ஓர் இலையைக் கிள்ளினால் போதும், பிள்ளைதான் கேட்கிறது என்று நினைத்து அந்தப் பால் ஓடி வந்துவிடுகிறது.